‘கியர்பாக்ஸ் போச்சு’ என்று சொல்வதற்கு முன்

கேள்வி:

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மேட்டுப்பாளையத்தில் இருக்கிறேன். இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் மூன்று வருடத்துக்கு முன் 2010 மாடல் ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக் காரைச் சென்னையிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இதுவரை 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சர்வீஸ் புத்தகம் கூட வரவில்லை.

நான்கைந்து மாதமாகக் காலையில் முதல் தடவை ‘டி’ போட்டால் இரண்டு மூன்று விநாடி வண்டி அசைவதில்லை. பிறகு ‘டொக்’ என்று இடித்துக்கொண்டு கிளம்புகிறது. ரிவர்ஸ் மட்டும் உடனே விழுகிறது. கோத்தகிரி ஏறும்போது, வண்டி சூடான பிறகு, இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குப் போகும் இடத்தில் என்ஜின் மட்டும் உறுமுகிறது, வேகம் கூடுவதில்லை. கோவை சாலையில் 60, 70-இல் சீராகப் போனால் சாலையில் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டைகள்மேல் ஓடுவதுபோல ஒரு நடுக்கம். போன மாதம் ‘டி’ விளக்கு விட்டு விட்டு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியதும் நின்றுவிட்டது.

ஒரு மெக்கானிக் கியர்பாக்ஸ் போய்விட்டது, பழைய பாக்ஸ் வாங்கி மாற்ற 95,000 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொருவர், இவ்வளவு ஓடிய வண்டியில் கியர் ஆயிலைத் தொட்டாலே பாக்ஸ் நின்றுவிடும், ஓடுகிறவரை ஓட்டுங்கள் என்கிறார். வாரம் ஒருமுறை பேத்தியைப் பார்க்கக் கோத்தகிரி போகிறவள் நான். என்ன செய்யட்டும்?

பதில்:

வணக்கம் டீச்சர்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குப் பாக்ஸை மாற்றாதீர்கள். ‘ஓடுகிறவரை ஓட்டுங்கள்’ என்ற பேச்சையும் கேட்காதீர்கள். உங்கள் வண்டியை இதுவரை யாரும் பரிசோதிக்கவே இல்லை. ஓட்டிப் பார்த்தார்கள், பேட்டரி வயரைக் கழற்றினார்கள், விலை சொன்னார்கள். ஆயிலை வெளியே எடுத்துப் பார்த்ததாகவோ வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர் போட்டதாகவோ உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்காமல் ஒரு டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தால் நீங்கள் சம்மதித்திருக்க மாட்டீர்கள். இதற்கும் சம்மதிக்க வேண்டாம்.

உங்களுக்கே தெரியாமல் நீங்கள் ஒரு பெரிய உதவி செய்திருக்கிறீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ‘ஒரு மாதிரி இழுக்குது’ என்பதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் ஆறிய வண்டியிலா சூடான வண்டியிலா, எந்த கியரில், என்ன வேகத்தில் என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். ஆட்டோமேட்டிக் பாக்ஸில் கோளாறு கண்டுபிடிப்பதில் பாதி வேலை இதுதான். அதனால் நீங்கள் எழுதிய நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால், உங்கள் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2008 கடைசியில் வந்து 2013 வரை விற்ற சிட்டியில் இருப்பது, என்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்துகிற டார்க் கன்வர்ட்டர் வைத்த ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். அதற்கு முந்தைய சிட்டியிலும் சரி, 2014-இல் வந்த சிட்டியிலும் சரி, ஆட்டோமேட்டிக் என்றால் அது பெல்ட்டில் ஓடுகிற சிவிடி. வெளியே பார்த்தால் எல்லாமே ‘சிட்டி ஆட்டோமேட்டிக்’தான். உள்ளே வேறு வேறு சாமான், ஊற்றவேண்டிய ஆயிலும் வேறு. உங்களுடையதில் கியர்கள் எப்போதும் ஒன்றோடொன்று பல் பொருந்தியே சுற்றுகின்றன. ஒவ்வொரு கியருக்கும் தனியாக ஒரு கிளட்ச் அடுக்கு இருக்கிறது. ஒரு பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளும். சோலினாய்டு என்கிற மின்சார வால்வுகள் அந்த அழுத்தத்தை வேண்டிய கிளட்சுக்குத் திருப்பிவிடும். அழுத்தம் வந்ததும் அந்த கிளட்ச் இறுகும், அந்த கியர் வேலை செய்யும். ஆக, உங்கள் இடது கால் செய்துவந்த வேலையை இந்த வண்டியில் ஆயில் செய்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

முதலில் காலை நேரத் தாமதம். ‘டி’ போட்டதிலிருந்து கியர் பிடிக்க ஒரு விநாடி, மிஞ்சினால் ஒன்றரை விநாடி ஆகலாம். மூன்று விநாடி என்பது அதிகம். ஆனால் ரிவர்ஸ் உடனே விழுகிறது என்றீர்களே, அந்த ஒரு வரி எனக்கு நிம்மதி தந்தது. இரண்டுக்கும் அழுத்தம் கொடுப்பது அதே பம்ப், ஆயில் வருவது அதே ஃபில்டர் வழியாகத்தான். பம்ப் தேய்ந்திருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ ரிவர்ஸும் தாமதமாகத்தான் விழும். முன்னோக்கிப் போகிற கியரில் மட்டும் தாமதம், அதுவும் ஆறிய வண்டியில் மட்டும் என்றால் என் சந்தேகம் முதல் கியர் கிளட்சின் ரப்பர் சீல் மேல்தான் போகிறது. பதினைந்து வருடத்தில் ரப்பர் விறைத்துப்போகும். சூடானதும் கொஞ்சம் இளகி ஒழுங்காக மூடும். ஆயில் அளவு குறைந்திருந்தாலும் இதே குணம் வரலாம்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். தாமதமாகிறதே என்று ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள். என்ஜின் வேகமெடுத்திருக்கும் நேரத்தில் கியர் பிடித்தால் அந்த அடி முழுவதும் கிளட்ச் பிளேட்டில்தான் இறங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும், என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டுகிற ஆர்பிஎம் முள் ஆயிரத்துக்குமேல் நிற்கும். அது ஆயிரத்துக்குக் கீழே இறங்கும்வரை பொறுத்து, பிரேக்கை நன்றாக மிதித்துக்கொண்டு ‘டி’ போட்டுப் பாருங்கள். பாதி ‘டொக்’ அதிலேயே குறையலாம். மீதி ‘டொக்’ என்ஜினைத் தாங்குகிற மவுண்டிங்கிலிருந்து வருகிறதா என்றும் பார்க்கவேண்டும். பானட்டைத் திறந்து வைத்து, வண்டிக்கு முன்னால் யாரும் நிற்காமல், ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் போட்டுக்கொண்டு ‘டி’, ‘ஆர்’ என்று மாற்றச் சொல்லிப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும். என்ஜின் பலமாகத் தூக்கிப் போட்டால் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறது. அது கியர்பாக்ஸ் கோளாறே இல்லை.

இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது வரும் உறுமல்தான் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது. இரண்டாம் கியர் கிளட்ச் விட்டுவிட்டது, மூன்றாவது இன்னும் பிடிக்கவில்லை. நடுவில் என்ஜின் கட்டில்லாமல் சுற்றுகிறது. ஒவ்வொரு உறுமலிலும் மூன்றாம் கிளட்சின் பிளேட் கொஞ்சம் கருகுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சுமார் 33 கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். சூட்டில் ஆயில் நீர்த்துப்போகும், தேய்ந்த இடங்களில் அழுத்தம் கசியும், மேட்டில் சுமையும் அதிகம். அதனால்தான் சமவெளியில் தெரியாதது மலையில் தெரிகிறது. காரணம் பிளேட் தேய்வாக இருக்கலாம். சோலினாய்டில் அழுக்கு மாட்டியிருக்கலாம். அல்லது பாக்ஸுக்கு வெளியே திருகி வைத்திருக்கிற கிளட்ச் பிரஷர் சுவிட்ச் கெட்டிருக்கலாம். கிளட்சுக்கு அழுத்தம் வந்துவிட்டதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கட்டைவிரல் அளவு சாமான் அது. பாக்ஸை இறக்காமலே மாற்றலாம். ஹோண்டா ஆட்டோமேட்டிக்குகளில் நான் இதை எத்தனையோ தடவை மாற்றியிருக்கிறேன். 95,000 ரூபாய் பேசுவதற்கு முன் பார்க்கவேண்டிய இடம் இது.

மூன்றாவது, 60, 70-இல் வரும் நடுக்கம். சீரான வேகத்தில் போகும்போது டார்க் கன்வர்ட்டருக்குள் லாக்-அப் என்று ஒரு கிளட்ச் பூட்டிக்கொள்ளும். என்ஜினும் பாக்ஸும் நழுவாமல் ஒன்றாகச் சுற்றுவதற்காக. ஆயில் கெட்டுப்போனால் அந்த கிளட்ச் வழுக்கி வழுக்கிப் பிடிக்கும். அதுதான் பட்டைகள்மேல் ஓடுவதுபோலத் தெரிகிறது. இதை நீங்களே உறுதிப்படுத்திக்கொள்ளலாம். பின்னால் வண்டி வராத நேராக உள்ள சாலையில், நடுக்கம் வரும்போது ஆக்சிலேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு பிரேக் பெடலை லேசாகத் தொடுங்கள். பிரேக் விளக்கு எரிகிற அளவுக்கு மட்டும், வேகம் குறையக் கூடாது. அந்தக் கணமே லாக்-அப் விட்டுவிடும். நடுக்கம் டக்கென்று நின்று ஆர்பிஎம் முள் கொஞ்சம் ஏறினால் கோளாறு லாக்-அப்பில். நடுக்கம் நிற்கவே இல்லை என்றால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் பக்கம் பாருங்கள். பிளக் சரியாக எரியாத என்ஜினும் மேட்டில் இப்படித்தான் உதறும். அதைக் கியர்பாக்ஸ் கோளாறு என்று நினைத்துப் பாக்ஸை இறக்கியவர்கள் உண்டு. இடது காலில் ஆபரேஷன் ஆனவர் நீங்கள். ஒரு காலால் இரண்டு பெடலையும் இதற்காகத் தொட முயல வேண்டாம். நம்பிக்கையான ஒருவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து முள்ளைப் பாருங்கள்.

நான்காவது, மினுக்கிய ‘டி’ விளக்கு. இந்த வண்டியில் அது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் உங்களோடு பேசும் வழி. ‘எனக்கு ஒரு கோளாறு தெரிகிறது, எண் போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன், வந்து படி’ என்று சொல்கிறது. படிக்காமல் பேட்டரியைக் கழற்றியதில் அந்தக் குறிப்பு அழிந்துபோயிருக்கும். வருத்தமான விஷயம்தான். ஆனால் கோளாறு உள்ளே இருந்தால் மறுபடி விளக்கு எரியும். அப்போது பேட்டரியில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்குப் போய் எண்ணைப் படிக்கச் சொல்லி, உங்கள் கையாலேயே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சில ஸ்கேனர்கள் என்ஜின் கம்ப்யூட்டரை மட்டும் படிக்கும். ‘ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன்’ பகுதியையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பி 0740 அல்லது 0741 வந்தால் லாக்-அப் பக்கம். 0750 என்றால் ஷிப்ட் சோலினாய்டு. 0715, 0720 என்றால் சுற்றும் வேகத்தைப் படிக்கிற சென்சார்கள். 0840-களில் ஒன்று வந்தால் நான் சொன்ன பிரஷர் சுவிட்ச். 0730 என்றால் கியர் நழுவுகிறது என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருக்கிறது, அது கொஞ்சம் கவலைப்பட வேண்டியது. ஒரு விஷயம், சோலினாய்டு எண் வந்தது என்பதாலேயே சோலினாய்டு கெட்டது என்று ஆகாது. அதற்குப் போகும் வயர் எலி கடித்திருந்தாலும் அதே எண்தான் வரும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன். தொழில் கற்றது வளைகுடாவில். அங்கே பார்க்கிற வண்டியெல்லாம் ஆட்டோமேட்டிக். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. வாடகைக்கு வண்டி ஓட்டுகிற ஒருவர், கியர் தாறுமாறாக மாறுகிறது என்று கொண்டுவந்தார். ஓட்டிப் பார்த்தேன், பாக்ஸ்தான் என்று முடிவு கட்டினேன், இறக்கிப் பிரித்தேன். நான்கு நாள் வேலை. உள்ளே பிளேட்டெல்லாம் புதிதுபோல இருந்தது. திரும்ப மாட்டும்போதுதான் பார்த்தேன், பேட்டரி தட்டுக்கு அடியில் பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் வயர் பச்சை பிடித்துப் பாதி அறுந்து தொங்கியது. அதை மாற்றியதும் வண்டி சரியாகிவிட்டது. அந்த நான்கு நாளும் அந்த மனிதருக்குச் சம்பாத்தியம் இல்லை. பாக்ஸ் பிரித்த கூலியை நான் வாங்கவில்லை. ஆனால் அவருடைய நான்கு நாள் போனது போனதுதான். அதிலிருந்து எந்த வண்டி வந்தாலும் முதலில் பேட்டரி வோல்டேஜ், எர்த் வயர், கனெக்டர்கள் இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன்.

இனி ஆயில். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், உங்கள் வண்டியின் தலையெழுத்து இதில்தான் இருக்கிறது.

ஹோண்டாவில் கியர் ஆயிலின் அளவு பார்க்கும் முறையே தனி. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை என்ஜினைச் சூடாக்க வேண்டும். பிறகு என்ஜினை அணைத்து, 60 விநாடிக்குப் பிறகு 90 விநாடிக்குள் அளவு பார்க்கும் ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். அந்த அரை நிமிட இடைவெளிதான் கணக்கு. டொயோட்டா போன்ற பல கம்பெனி வண்டிகளில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் ஒருவர் உங்கள் வண்டியையும் ஓடவிட்டுப் பார்த்தால் ஆயில் குறைவாகத் தெரியும், அவரும் நல்லெண்ணத்தில் மேலும் ஊற்றிவிடுவார். ஆயில் கூடினாலும் கெடுதிதான். சுற்றும் கியர்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு அழுத்தம் நிற்காது, கிளட்ச் நழுவும். அதனால் அளவை இந்த முறையில்தான் பார்க்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஸ்டிக்கில் வந்த ஆயிலை ஒரு வெள்ளை டிஷ்யூ தாளில் இரண்டு சொட்டு விடச் சொல்லுங்கள். புது ஆயில் சிவப்பாக இருக்கும். ஓட ஓடப் பழுப்பாகும், அது பரவாயில்லை. நடுவில் கரித்தூள் மாதிரி வட்டம் தங்கி, முகர்ந்தால் தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கிறது. ரோஸ் மில்க் நிறத்தில் குழம்பியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பாக்ஸ் ஆயிலைக் குளிர்விப்பது என்ஜினின் கூலன்ட் தண்ணீர்தான், நடுவில் இருக்கும் தடுப்பு ஓட்டையானால் இரண்டும் கலந்துவிடும். உங்களுடையது சென்னை வண்டி என்பதால் இன்னொன்றும் பார்க்கவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கார்களைத் துடைத்துக் கைமாற்றியவர்கள் உண்டு. பாக்ஸ் மூச்சுவிட ஒரு சின்னக் குழாய் இருக்கும், மூழ்கினால் அது வழியாகத் தண்ணீர் போகும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அடியில் தங்கியிருக்கும். சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். கிளட்ச் பிளேட்டின் மேல் பரப்பு காகித நாரில் செய்து பசையால் ஒட்டியது. தண்ணீர் பட்டால் பசை விட்டுவிடும். ரோஸ் மில்க் நிறம் கண்டால் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

ஆயில் பழுப்பாக மட்டும் இருந்தால் மாற்றுவோம். ‘தொட்டாலே பாக்ஸ் நிற்கும்’ என்று சொன்னவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். என்ன நடக்கிறது என்றால், பல வருடம் ஆயிலே மாற்றாத பாக்ஸ் நழுவத் தொடங்கிய பிறகுதான் வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறது. பிளேட் முழுக்கத் தேய்ந்திருக்கும். ஆயிலில் மிதக்கும் பிளேட் தூள்தான் கொஞ்சம் பிடிமானம் கொடுத்துக்கொண்டிருக்கும். புது ஆயில் ஊற்றியதும் அதுவும் போய் வண்டி நிற்கும். பழி ஆயில்மேல் விழும். இன்னொரு பக்கம், மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவினால் மூலையில் படிந்திருந்த அழுக்கெல்லாம் கிளம்பி வால்வு ஓட்டைகளில் போய் உட்காரும். உங்கள் பாக்ஸுக்கு மெஷின் கழுவல் வேண்டவே வேண்டாம். இதில் அடித்தட்டும் இல்லை, உள்ளே இருக்கும் ஃபில்டரை வெளியிலிருந்து கழற்றவும் முடியாது. கீழே ஒரு டிரெய்ன் போல்ட், மேலே ஊற்றும் வழி, அவ்வளவுதான்.

சரி, எப்படி மாற்றுவது? டிரெய்ன் போல்ட்டைக் கழற்றினால் சுமார் இரண்டரை லிட்டர்தான் இறங்கும். மீதி கன்வர்ட்டருக்குள்ளும் வழிகளுக்குள்ளும் நிற்கும். இறங்கிய அளவையே திரும்ப ஊற்றி, எல்லாக் கியரும் விழுகிற மாதிரி ஓட்டி, மறுபடி இறக்கி, மறுபடி ஊற்ற வேண்டும். மொத்தம் மூன்று தடவை. முதல் தடவையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மாறும். மூன்றாவது முடிந்ததும் ஐந்தில் நான்கு பங்கு புது ஆயில் ஆகிவிடும். பழைய பாக்ஸ் என்றால் நான் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு முந்நூறு கிலோமீட்டர் சமவெளியில் ஓட்டச் சொல்வேன். அவசரப்படாமல் அழுக்கு கொஞ்சம் கொஞ்சமாக வரட்டும். ஊற்ற வேண்டியது ஹோண்டாவின் ஏடிஎஃப் டிடபிள்யூ-1. முன்பு இசட்-1 என்று விற்றதன் இடத்தில் வந்தது. கடையில் ‘சிட்டி ஆட்டோமேட்டிக்’ என்று கேட்டால் சிவிடி ஆயிலை எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்பு இருக்கிறது. 2010 மாடல், டார்க் கன்வர்ட்டர் என்று சொல்லிக் கேட்டு, டப்பாவில் இருக்கும் பெயரை நீங்களே படித்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். டிரெய்ன் போல்ட்டின் அலுமினிய வாஷரைப் புதிதாகப் போடவேண்டும். முறுக்கும் அளவு 49 நியூட்டன் மீட்டர். நழுவலை நிறுத்தும் என்று விற்கிற மருந்து எதையும் கலக்க வேண்டாம்.

டிரெய்ன் போல்ட்டின் முனையில் ஒரு காந்தம் இருக்கும். துடைத்துப் போடுவதற்குள் அதைப் பார்த்துவிடுங்கள். தண்ணீரில் குழைத்த விபூதி மாதிரி சாம்பல் நிற மாவு ஒட்டியிருந்தால் அது வயதுக்கு இயல்பான தேய்வு. விரல் நுனியில் தேய்த்தால் நெருடுகிற துண்டோ சுருளோ கிடைத்தால் உள்ளே இரும்பு இரும்பைத் தின்கிறது. அப்போது ஆயிலுக்கு மேலும் செலவு செய்யாதீர்கள்.

மூன்று மாற்றத்துக்குப் பிறகு நடுக்கம் குறைந்துவிடும் என்று நம்புகிறேன். லாக்-அப் நடுக்கத்துக்கு நல்ல ஆயில்தான் முதல் வைத்தியம். காலைத் தாமதம் கொஞ்சம் குறையலாம், முழுதாகப் போகாமலும் இருக்கலாம். விறைத்த சீலை ஆயில் மாற்றிவிடாது. அந்தத் தாமதத்தோடு, ஆக்சிலேட்டர் தொடாத பழக்கத்தோடு, வண்டி இன்னும் பல காலம் ஓடலாம். இரண்டு, மூன்று இடையிலான உறுமல் குறையவில்லை என்றால் பிரஷர் சுவிட்ச்சுகளை மாற்றிப் பார்ப்பது அடுத்தது. அதற்குப் பிறகு சோலினாய்டுகளை மல்டிமீட்டரில் அளக்கவேண்டும். ஹோண்டாவின் இந்த வகைப் பாக்ஸில் ஷிப்ட் சோலினாய்டு 12-இலிருந்து 25 ஓமுக்குள் காட்டவேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் நழுவினால், பாக்ஸின் சோதனைத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டி மூன்றாம் கிளட்சின் அழுத்தத்தைப் பார்க்கவேண்டும். அழுத்தம் சரி, ஆனால் நழுவுகிறது என்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. அன்றைக்குத்தான் பாக்ஸை இறக்கும் பேச்சு. பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பார்க்கிற ஸ்டால் டெஸ்ட்டை யாராவது விளையாட்டாகச் செய்தால் தடுத்துவிடுங்கள். தெரிந்தவர் சில விநாடிகள் மட்டுமே செய்யவேண்டிய சோதனை அது, நீண்டால் அதுவே பாக்ஸை எரித்துவிடும்.

இறக்குவதுதான் முடிவு என்று வந்தாலும், பழைய பாக்ஸ் வாங்குவதைவிட உங்கள் பாக்ஸையே பிரித்துக் கிளட்ச் பிளேட், சீல் செட் மாற்றுவதை நான் விரும்புவேன். சென்னை புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் பாக்ஸுக்கும் உங்களுடைய பாக்ஸின் வயதுதான் இருக்கும். அதற்கு எப்போது ஆயில் மாற்றினார்கள் என்று அதை விற்கிறவருக்கும் தெரியாது. வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் டிரெய்ன் போல்ட்டைக் கழற்றிக் காந்தத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பாக்ஸில் பொறித்திருக்கும் எழுத்தும் எண்ணும் உங்களுடையதோடு ஒத்துப்போகவேண்டும்.

மலை ஏறுவதைப் பற்றி. சரியான பிறகும் ‘டி’யில் விட்டுவிட்டு ஏறாதீர்கள். மேட்டில் பாக்ஸ் மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும், ஒவ்வொரு மாற்றமும் சூடு. லீவரில் இருக்கும் கீழ் நிலையையோ, ஸ்டியரிங்குக்குப் பின்னால் துடுப்பு இருந்தால் அதையோ வைத்து இரண்டு அல்லது மூன்றில் நிறுத்தி ஏறுங்கள். என்ஜின் சத்தம் கூடுதலாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். எதிரில் பஸ் வந்து மேட்டில் நிற்க நேர்ந்தால் பிரேக்கில் நில்லுங்கள். ஆக்சிலேட்டரை அரைகுறையாக அழுத்தி வண்டியை நிறுத்தி வைத்தால் அவ்வளவு சக்தியும் கன்வர்ட்டருக்குள் சூடாகத்தான் மாறும். இறங்கும்போதும் அதே கீழ்க் கியர்தான். பெட்ரோல் மிச்சம் என்று ‘என்’னில் போட்டு இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக் மட்டுமே வண்டியைத் தாங்கவேண்டி வரும், மிகவும் ஆபத்து.

வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். என்ஜின் ஓடாதபோது பம்ப் ஓடாது, சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே ஆயில் இல்லாமல் கியர் தேயும். முன்சக்கரங்களைத் தூக்கியோ, லாரித் தட்டில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

அதனால் இந்த வாரம் இரண்டே வேலை. ஸ்கேனரில் கியர்பாக்ஸ் பகுதியைப் படிக்கச் சொல்லி, எண் எதுவும் வந்தால் எழுதிக்கொள்ளுங்கள். நான் சொன்ன முறையில் அளவு பார்த்து, டிஷ்யூ தாளில் சொட்டு விட்டுப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். மூன்று ஆயில் மாற்றமும் முடிந்து, அந்த உறுமல் நிற்கும்வரை பேத்தி வீட்டுக்குப் பஸ்ஸில் போய்வாருங்கள். முழங்கால் வலிக்கும், தெரியும். முன்பக்க சீட்டாகக் கேட்டு உட்காருங்கள் டீச்சர்.